ரகசியமும் சரிபார்ப்பும்

உழைப்பாளி மக்கள் பெற்றுள்ள ஜனநாயக உரிமைகளில் ரகசிய வாக்குரிமை முதன்மையானது. நிலவுடைமையாளரின் மிரட்டலும் முதலாளியின் கண்காணிப்பும் சாதி ஆதிக்கமும் எட்ட முடியாத இடமாக வாக்குச்சாவடியின் மறைவிடம் இருக்க வேண்டும். எனவே வாக்களிப்பு முறையில் கொண்டுவரப்படும் எந்த மாற்றத்தையும் இரண்டு கேள்விகளால் அளவிட வேண்டியுள்ளது. வாக்காளர் அச்சமின்றி வாக்களிக்க முடிகிறதா? அந்த வாக்கு சரியாக எண்ணப்பட்டதை மக்கள் சரிபார்க்க முடிகிறதா?

முதல் கேள்வி தபால் வாக்கைப் பற்றியது. 80 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2019இல் இவ்வசதி அளிக்கப்பட்டது. வாக்குச்சாவடிக்கு வர இயலாதோருக்கு இது அவசியமே. ஆனால் 2020 ஜூனில், அரசியல் கட்சிகளைக் கலந்தாலோசிக்காமலேயே, வயது வரம்பு 65 ஆகக் குறைக்கப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் பீகார் தேர்தலில் அது நடைமுறைப்படுத்தப்படவில்லை. 2024 மார்ச்சில் வரம்பு 85 ஆக உயர்த்தப்பட்டது. வாக்குச்சாவடியின் மறைவிடத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வீட்டுக் கூடத்தில் கிடைக்காது. ஆகவே இவ்வசதி, தேவைப்படுவோருக்கு மட்டுமானதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி மின்னணு இயந்திரத்தைப் பற்றியது. வாக்காளர் 7 வினாடிகள் ஒப்புகைச் சீட்டைக் கண்ணாடி வழியே காண்கிறார். ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 இயந்திரங்களின் சீட்டுகள் மட்டுமே எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன. அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியக் கட்டங்களைச் சரிபார்க்க இயல வேண்டும் என்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009இலேயே தீர்ப்பளித்துள்ளது. ஆதாரமின்றி முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளை அடுக்குவது நமது வழியாக இருக்க முடியாது; அது மக்களிடம் செய்ய வேண்டிய அரசியல் பணியைக் கைவிடுவதாகவே முடியும். சரிபார்க்கும் உரிமையைக் கோருவது வேறு. அதில் விட்டுக்கொடுக்க ஏதுமில்லை.

இந்த விவாதத்தில் மறக்கப்படுவோர் புலம்பெயர் தொழிலாளர்கள். 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே இடத்தில் பதிவுசெய்யும் தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் முன்மொழிந்தது. வெளிமாநிலத்தில் வேட்பாளரின் முகவர்களாக யார் இருப்பார்கள், வாக்காளர் பட்டியலை யார் சரிபார்ப்பார்கள் என்ற கேள்விகளை எதிர்க்கட்சிகள் எழுப்பின. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை அளிக்கிறது. ஆனால் சூரத்திலிருந்து ஒடிசா சென்று திரும்ப ஒரு நாள் போதுமா?

பயண நாட்களுக்கும் ஊதியத்துடன் விடுப்பு, கூடுதல் ரயில்கள், ஒப்புகைச் சீட்டுகளின் விரிவான எண்ணிக்கை, கட்சிகளின் ஒப்புதலின்றி விதிமாற்றம் கூடாது என்பவை உடனடிக் கோரிக்கைகள். தொழிற்சங்கங்களும் கட்சிக் கிளைகளும் இவற்றை ஆலைவாயில்களுக்கும் குடியிருப்புகளுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும்.