காணி உறுதியும் கலாநிதிப் பட்டமும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒருநாள் அந்திப்பொழுது. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. வீட்டு விறாந்தையிலிருந்து விடைத்தாள்கள் திருத்திக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். வலிகாமத்திலே வெங்காயமும் புகையிலையும் செய்கை பண்ணும் கமக்காரர். அவருக்குப் பின்னால் அவருடைய மகள். உயர்தர வகுப்பில் என்னிடம் இரசாயனம் கற்றவள். பின்னர் பல்கலைக்கழகத்தில் அதனையே சிறப்புப் பாடமாகப் பயின்று முதலாம் வகுப்பிற் சித்தியெய்தியவள்.

பெரியவர் ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மடித்த பழைய காணி உறுதி.

"மாஸ்ரர், இந்தத் தோட்டக் காணியை ஈடு வைச்சால் காணுமோ, இல்லாட்டி விற்கத்தான் வேணுமோ எண்டு கேட்க வந்தனான்" என்றார்.

விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. மகளுக்கு ஆராய்ச்சியில் ஆசை. கலாநிதிப் பட்டம் பெறவேண்டும் என்பது அவள் எண்ணம். நகரத்து முகவர் ஒருவரிடம் போயிருக்கின்றார்கள். அவர் வெளிநாடொன்றில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கு இடம் எடுத்துத் தருவதாகவும், அதை முடித்தபின் கலாநிதிப் பட்டத்தைப்பற்றி யோசிக்கலாம் என்றும் சொல்லியிருக்கின்றார். அவர் எழுதிக் கொடுத்த கட்டணத் தொகையைப் பார்த்தேன். அந்தக் காணி முழுவதையும் விற்றாலும் அதற்குக் கிட்டவும் வராது.

"ஐயா, உறுதியை முதலில் பைக்குள் வையுங்கள்" என்றேன்.

இவ்வாறு உறுதியோடு வந்தவர்களில் அவர் முதல்வர் அல்லர். ஆகையால் அன்றிரவு அவருக்குச் சொன்னவற்றை வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். முகாமைத்துவம், கணக்கியல் முதலிய துறைகளிலும், ஓராண்டு முதுமாணிப் படிப்புகளிலும் வெளிநாட்டு மாணவர் பெரும்பாலும் பணம் கட்டியே படிக்கின்றனர். விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் என்பது வேறு கதை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இரசாயனத்திலோ பௌதிகத்திலோ உயிரியலிலோ அப்பட்டத்துக்கு அனுமதி பெற்றவர் வழக்கமாகக் கட்டணம் செலுத்துவதில்லை. கட்டணம் தள்ளப்படுகின்றது, மாதந்தோறும் கையிற் படியும் கிடைக்கின்றது. சிறப்புப் பட்டம் பெற்றவர் முதுமாணிப் பட்டம் இல்லாமலே நேராக விண்ணப்பிக்கவும் பல துறைகள் இடமளிக்கின்றன.

பெரியவர் நம்பவில்லை. "படிக்கிற பிள்ளைக்கு அவங்கள் ஏன் காசு குடுக்கிறாங்கள்?" என்று கேட்டார். மிகவும் நியாயமான கேள்வி. தோட்டக்காரருக்குத் தெரியும், சும்மா எவரும் எதுவும் கொடுப்பதில்லையென்று.

அவர்கள் சும்மா கொடுக்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவர் நூற்றுக்கணக்கில் ஆய்வுகூடத்துக்கு வருகின்றார்கள். அவர்களைக் கவனிக்கவும் விடைத்தாள் திருத்தவும் ஆட்கள் வேண்டும். பேராசிரியருக்கு அரசாங்கமும் பிற நிறுவனங்களும் ஆராய்ச்சிக்கெனப் பணம் ஒதுக்குகின்றன. அந்த ஆராய்ச்சியை நாளும் பொழுதும் நின்று செய்வதற்குக் கைகள் வேண்டும். கலாநிதி மாணவர் இவ்விரு வேலைகளையுஞ் செய்கின்றார். வாரத்தில் இருபது மணித்தியாலம் வரை கற்பித்தல், மிகுதி நேரம் ஆராய்ச்சி, இவ்விதமாக ஐந்து ஆறு ஆண்டுகள். இது தானமன்று, கூலி. ஜேர்மனியிலோ இது இன்னும் வெளிப்படை: அங்கு விஞ்ஞானத்துறைக் கலாநிதி மாணவர் பலர் வேலை ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டுச் சம்பளம் பெறும் உத்தியோகத்தராகவே இருக்கின்றனர். ஆயினும் அங்கு முதுமாணிப் பட்டம் முன்னரே இருத்தல் பொதுவாக வேண்டும்.

இவையெல்லாம் முகவருக்குத் தெரியாமலிருக்குமா என்று அப்பெண் கேட்டாள். தெரிந்திருக்கலாம். கட்டணம் கட்டும் மாணவரைச் சேர்த்துக் கொடுத்தால் முகவருக்குத் தரகு உண்டு. கட்டணமே இல்லாத இடத்தில் தரகு எங்கிருந்து வரும்?

பிற நாட்டு மாணவனுக்குப் பணங் கொடுத்து விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அழைக்கும் வழக்கம் நேற்று இன்று தோன்றியதன்று. 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், பளிங்கு மாளிகை என்னும் கண்ணாடி மண்டபத்திலே, மாபெரும் கண்காட்சியொன்று நடைபெற்றது. செலவு போக ஏறக்குறைய 186,000 பவுண் மிஞ்சிற்று. நம்மூரிலென்றால் மிச்சப் பணத்தைப் பங்கிடுவதிலேயே சபை இரண்டாகியிருக்கும். அவர்கள் அதைக்கொண்டு நிலம் வாங்கினார்கள். அந்த முதலின் வருவாயிலிருந்து 1891இல் விஞ்ஞான ஆராய்ச்சிப் புலமைப்பரிசில்களை ஏற்படுத்தினார்கள். அவை இன்றும் வழங்கப்பட்டு வருகின்றன.

1895ஆம் ஆண்டு நியூசீலந்திலிருந்து அப்பரிசிலுக்குத் தெரிவானவர் மக்லோரின் என்னும் இரசாயன அறிஞர். அவர் அதனை ஏற்க இயலாமற் போகவே, இரண்டாவதாக நின்ற இளைஞருக்கு அது சென்றது. பன்னிரண்டு பிள்ளைகளுள்ள குடும்பத்தில் நான்காவதாகப் பிறந்தவர் அவர். தந்தை சணல் ஆலை வைத்துப் பிழைத்தவர். செய்தி வந்தபோது அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தார் என்றும், இனிக் கிழங்கு கிண்டுவதில்லை என்று சொல்லி மண்வெட்டியை எறிந்தார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அந்த இளைஞர்தாம் பின்னர் அணுவின் கருவைக் கண்டறிந்த ஏணஸ்ற் இரதபோட். ஆண்டொன்றுக்கு 150 பவுண் என்ற பரிசிலோடு அவர் கேம்பிறிட்ஜ் சென்ற அவ்வாண்டிலேதான், பிற பல்கலைக்கழகப் பட்டதாரிகளை ஆராய்ச்சி மாணவராகச் சேர்க்கும் விதி அங்கு முதன்முதல் நடைமுறைக்கு வந்தது.

கமக்காரப் பெரியவர் இரதபோட்டின் அணுவைப்பற்றிக் கவலைப்படவில்லை. உருளைக்கிழங்குக் கதையை மட்டும் மிகவும் இரசித்தார்.

மாணவர்களுக்கு இன்னொருவரைப்பற்றியும் சொல்லவேண்டும். இரதபோட்டின் மாணவரான ஜேம்ஸ் சட்விக் 1913இல் அதே 1851 பரிசிலைப் பெற்றார். படித்த இடத்தை விட்டு வேறோர் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே பேர்லினுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு மகாயுத்தம் மூண்டது. பிரித்தானியர் என்ற காரணத்தால், பேர்லினுக்கருகே றூலேபன் என்ற குதிரைப் பந்தயத் திடலில் அவரை அடைத்து வைத்தனர். குதிரை லாயமே வாசஸ்தலம். 1918 வரை அங்கேயே கிடந்தார். அக்காலத்தில் ஜேர்மனியில் தோரியம் கலந்த பற்பசை விற்கப்பட்டது. அதனைக் கதிர்வீச்சு மூலமாகக் கொண்டு அந்த லாயத்துக்குள்ளேயே பரிசோதனைகள் செய்தார். உடன் அடைபட்டிருந்த இராணுவப் பயிலுநர் ஒருவர், சாள்ஸ் எல்லிஸ் என்பவர், இவரிடம் பௌதிகம் கற்று, படைத்தொழிலை விட்டுத் தாமும் விஞ்ஞானியானார். சட்விக் 1932இல் நியூத்திரனைக் கண்டுபிடித்தார்.

இந்தக் கதையை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. 2006ஆம் ஆண்டில் எனக்கு வயது இருபத்தைந்து. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில், அடுத்த ஆண்டு தை மாதத்திலிருந்து கலாநிதிப் படிப்புக்கு இடமும் கற்பித்தற் படியும் கிடைத்திருந்தன. ஓகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டது. விசா நேர்காணலுக்குக் கொழும்பு செல்லவேண்டும். கப்பலுக்குப் பதிந்து, அனுமதிக்குப் பதிந்து, வரிசையில் நின்று நின்று நாட்கள் போயின. என் முறை வந்தபோது குறித்த தவணை கடந்துவிட்டது. மீண்டும் விண்ணப்பிக்கும்படி அவர்கள் மரியாதையாகவே எழுதினார்கள். எழுத எனக்கு மனம் வரவில்லை. வீதி திறந்தபின்னும் நான் விண்ணப்பிக்கவில்லை என்பதை மறைக்காமற் சொல்லுகிறேன். அதற்கு யுத்தத்தைக் குறைகூற முடியாது.

அது நிற்க.

பெரியவரின் மனதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மகள் ஐந்தாறு ஆண்டு படித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்கு யார் உதவுவது? தம்பி இன்னும் பாடசாலைப் பிள்ளை. இதற்கு நான் இராமானுஜனைச் சாட்சிக்கு அழைத்தேன். 1914இல் அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் வீதம் பரிசில் வழங்கிக் கேம்பிறிட்ஜுக்கு அனுப்பிற்று. அதில் ஒரு பகுதியைக் கும்பகோணத்திலிருந்த பெற்றோருக்குச் சேரும்படி அவர் ஒழுங்குசெய்தார். 1919இல், நோயுற்றிருந்த வேளையில், பல்கலைக்கழகம் மீண்டும் ஆண்டுக்கு 250 பவுண் தர முன்வந்தது. தமது செலவு போகப் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண் கொடுத்து, மிகுதியை ஏழைப் பிள்ளைகளினதும் அநாதைகளினதும் பாடசாலைக் கட்டணத்தைக் குறைக்கவும் பாடசாலைகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்துமாறு அவர் எழுதினார். ஆராய்ச்சிப் படியில் ஒருவர் சிக்கனமாய்ச் சீவிக்கலாம், சிறிது வீட்டுக்கும் அனுப்பலாம். வீடு கட்ட முடியாது. இதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை என்றவுடன் ஊரார் போடும் கணக்கு வேறு.

இனி, விண்ணப்பிக்க விரும்பும் மாணவருக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முடிவுத் திகதி பெரும்பாலும் டிசெம்பரிலும் தையிலும் வரும். பதில் மாசி, பங்குனியில் வரும். படியோடு இடங் கிடைத்தவர் ஏப்பிரில் 15ஆந் திகதிக்குள் முடிவு சொல்லுதல் அங்குள்ள பொது வழக்கம். ஜீ.ஆர்.ஈ. பரீட்சையைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையைக் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் உண்டு. பணவசதி இல்லையென்று நேரே எழுதிக் கேட்டால் சில துறைகள் அதனை விலக்கிவிடும். கேட்பதற்குக் கூச்சப்படுவது நம்மவர் வழக்கம். மூன்று ஆசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். விரிவுரையாளருக்கு முதல் நாள் இரவு செய்தி அனுப்பிக் கடிதம் கேட்பவர்களை நான் அறிவேன். ஒரு மாத அவகாசமேனும் கொடுங்கள். எந்த ஆராய்ச்சியை ஏன் செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதியும் கொடுங்கள்.

யப்பானிய அரசாங்கம் 1954 முதல் வெளிநாட்டு மாணவருக்குப் பரிசில் வழங்கி வருகின்றது. கட்டணமில்லை, விமானச் சீட்டும் மாதப்படியும் தருவார்கள். 1959இல் ஒக்ஸ்போட் மாநாட்டிலே தீர்மானிக்கப்பட்ட பொதுநலவாயப் புலமைப்பரிசில் ஒன்று. ஜேர்மனியில் டாட் என்னும் பரிமாற்று நிறுவனம் மற்றொன்று. இவற்றின் நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், பழைய மாணவர் சொன்னதை நம்பாமல் அவ்வவ்வாண்டு அறிவித்தலை வாசித்தல் வேண்டும். அமெரிக்க நிலைமையும் எப்போதும் ஒருபடித்தாய் இல்லை. 2025இல் அங்கு அரசாங்க ஆராய்ச்சிப் பணம் குறைக்கப்பட்டபோது சில பல்கலைக்கழகங்கள் புதிய கலாநிதி மாணவரின் தொகையைக் குறைத்தன. ஆகவே ஒரே நாட்டை நம்பியிருத்தல் புத்தியன்று. இன்னுமொன்று: அனுமதிக் கடிதம் வேறு, பணக் கடிதம் வேறு. அனுமதி என்றிருந்து படியைப்பற்றி ஒரு சொல்லும் இல்லையானால், மகிழ்ந்து சர்க்கரைப் பொங்கல் பொங்குமுன் துறைக்கு எழுதிக் கேளுங்கள்.

அப்பெண் எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஐந்து இடங்கள் இல்லையென்றன. ஓரிடம் அனுமதித்தது, பணமில்லை. ஒன்று இன்றுவரை பதிலே எழுதவில்லை. பங்குனி மாத நடுவில் மற்றதிலிருந்து கட்டண விலக்கும் கற்பித்தற் படியுமாக ஐந்தாண்டுக்கு உறுதி கூறும் கடிதம் வந்தது. விமானச் சீட்டுக்கும் விசாச் செலவுக்கும் தாயாரின் சங்கிலி அடைவுக்குப் போயிற்று. உறுதி அலுமாரிக்குள் இருக்கின்றது.

இப்போது அவளுக்கிருக்கும் பயம் வேறு. ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் முன்னின்று ஆய்வுகூட வகுப்பு நடத்தவேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். ஆகவே சனிக்கிழமைகளில் எமது உயர்தர மாணவருக்கு அமில கார நியமிப்பை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தும்படி அவளை அழைத்திருக்கிறேன். முதல் வாரம் குரலே வெளிவரவில்லை. சென்ற வாரம், அளவியைத் தவறாகப் பிடித்த பையன் ஒருவனை ஆங்கிலத்திலேயே ஏசினாள். தகப்பனார் வாசலில் சைக்கிளோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.