இரவு 10 மணிக்கு யாரைக் கேட்பாள்?

திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்கள் நிறைய. அங்கே வேலை செய்யும் 19 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். ஷிப்டு முடிந்து இரவு 10 மணிக்கு அறைக்கு வருகிறாள். கர்ப்பப்பை வாய்ப் புற்று நோய் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். "அதைப் போட்டால் பிள்ளை பிறக்காதாம்" என்றும் கேள்விப்பட்டிருக்கிறாள்.

யாரைக் கேட்பது? அம்மாவைக் கேட்க வெட்கம். நர்ஸ் அக்காவைப் பார்க்கப் பகலில் நேரம் இல்லை. கையில் இருப்பது செல்போன் ஒன்றுதான்.

சின்ன விஷயம் அல்ல இது. 2022-ல் மட்டும் இந்தியாவில் இந்த நோய்க்கு ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் பலியானார்கள்!

பேசும் யந்திரம்

கேட்டால் பதில் பேசும் யந்திரம் வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் "சாரா" என்ற ஒன்றை வெளியிட்டது. திரையில் ஒரு பெண் முகம். எட்டு மொழிகள் பேசும். அதில் இந்தி உண்டு, தமிழ் இல்லை. அது சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று நிறுவனமே எச்சரித்தது.

ஆனாலும் இப்படி ஒரு குரல் தமிழில் வரத்தான் வேண்டும். யந்திரம் முகம் சுளிக்காது. "கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இந்தக் கேள்வி எதற்கு?" என்று அதட்டாது. பத்துத் தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது. பிள்ளைப் பேற்றை இந்த ஊசி கெடுக்காது. 26 வயது வரை போடலாம். 15 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று ஊசி. இவ்வளவையும் அவள் பேசும் தமிழிலேயே சொல்ல வேண்டும். "பரிந்துரைக்கப்படுகிறது" என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடுவாள்!

தெரியாது என்று சொல்லுமா?

2021 ஏப்ரல் 15-ந் தேதி நடிகர் விவேக் சென்னையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ந் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிதான் காரணம் என்று ஊரெல்லாம் வதந்தி. ஊசி காரணம் அல்ல என்று மத்திய அரசின் நிபுணர் குழு முடிவு சொன்னது. அதற்குள் பல மாதங்கள் ஓடிவிட்டன.

அன்றிரவே யந்திரத்தைக் கேட்டிருந்தால் அது என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இன்னும் தெரியாது" என்றுதான். பயப்படாதே என்று பூசி மெழுகியிருந்தால், அடுத்த முறை யார் நம்புவார்கள்?

இன்னொன்று. அந்தப் பெண் கேட்டது மில் சூப்பர்வைசர் காதுக்கு எட்டக் கூடாது. எட்டும் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாய் திறக்கமாட்டாள்.

104-க்குப் போன் செய்தால் இன்றும் மனிதர்களே பதில் சொல்கிறார்கள். யந்திரம் திணறும் இடத்தில், பேச்சை அந்த எண்ணுக்கு மாற்றிவிடட்டும்.