விடுதலைக்கும் விலையா?

குற்றமற்றவன் என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. கூண்டிலிருந்து அவன் இறங்கி வருகிறான். அவன் கையில் எஞ்சியிருப்பது யாது? அடகுச் சீட்டும் கடன் கணக்குமே! வழக்குத் தொடுத்த அரசுக்கோ ஒரு சதமும் நட்டமில்லை. குற்றம் செய்தவன் தண்டம் கட்டுகிறான். செய்யாதவனும் தண்டம் கட்டுகிறான். இதற்கு நீதி என்று பெயர் சூட்டுவது எங்ஙனம்?

நமுனுகுல மலைச்சாரலில் கொழுந்து பறிக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக நிர்ணயமானதே 2021ஆம் ஆண்டில்தான். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. விறகு வெட்டினான், அத்துமீறி நுழைந்தான், கங்காணியோடு கைகலந்தான் என்று ஏதோ ஒரு முறைப்பாட்டின்பேரில் பதுளைக்கு அழைக்கப்படும் தொழிலாளி, தவணைக்குத் தவணை ஒருநாட் பேரை இழக்கிறான். பஸ் கட்டணம், சட்டத்தரணியின் கட்டணம், பிணை நிற்பவருக்கும் சாட்சிக்கும் சாப்பாடு, இவை வேறு. விளக்கமறியலில் வைக்கப்பட்டாலோ அடுப்பே அணைந்துவிடும். வெலிமடையில் உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயியின் கதியும் இதுவே. தவணை நாளுக்காக அறுவடை காத்திராது.

மலையகத் தொழிலாளருக்கு நீதிமன்றத்தில் வெற்றி கிட்டாமலில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுத்த பின்னரும் லயத்தை விட்டு அகலாத தொழிலாளிமீது எழுந்த குற்ற அத்துமீறல் வழக்கு, செல்வநாயகம் வழக்கு எனச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றுள்ளது. பிறரைத் துன்புறுத்துவதே முதன்மை நோக்கம் என்று நிறுவினாலன்றி அத்துமீறல் குற்றமாகாது என்று 1950இல் பிரிவிக் கவுன்சில் விதித்தது. சட்டம் தெளிவடைந்தது. ஆனால், அத்தகைய வழக்கில் வெல்பவன் தன் செலவை மீளப் பெறும் வழி மட்டும் இன்றுவரை தெளிவடையவில்லை.

வழியே இல்லையா எனின், மூன்று வாயில்கள் உண்டு. மூன்றும் ஒடுக்கமானவை. முதலாவது, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. முறைப்பாடு அற்பமானது அல்லது தொல்லை தரும் நோக்குடையது என்று நீதவான் வெளிப்படக் கூறினாலே முறைப்பாட்டாளரிடமிருந்து பணம் கிடைக்கும். சாட்சியம் போதாமையால் விடுதலையானவனுக்கு அது உதவாது. இரண்டாவது, தீய எண்ணத்தோடு வழக்குத் தொடுத்தமைக்காக மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோருவது. அங்கே எதிரியின் தீய எண்ணத்தையும், வழக்குக்கு நியாயமான காரணம் இல்லாமையையும் இவனே நிரூபிக்க வேண்டும். ஒரு வழக்கால் ஓட்டாண்டியானவன் மற்றொரு வழக்கை நடத்துவதா?

மூன்றாவது, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை இதற்கு ஒரு மாத அவகாசமே தருகிறது. அம்மாதம் உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஓடுகிறது. விடுதலையான நாளிலிருந்து அன்று. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானது 2020 மே மாதம். பிணையில் வந்தது 2021 டிசம்பரில். புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது 2023 டிசம்பரில். மூன்றரை ஆண்டு எங்கே, ஒரு மாதம் எங்கே? தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்கும் ஏழைக்கு இக்கதவு முன்னரே அடைபட்டுவிடுகிறது.

காணித் தகராற்றில் தோற்றவன் வென்றவனுக்குச் செலவு கட்ட வேண்டும் என்று குடியியல் நீதிமன்றம் கட்டளையிடுகிறது. வேலிக்கு உள்ள நியாயம் மனிதனின் விடுதலைக்கு இல்லையா? அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1967இலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. உண்மைகள் யாவும் முன்பே தெரிந்திருப்பின் வழக்குத் தொடுப்பது நியாயமாகாது என்று காணும் நீதிமன்றம் அதற்குச் சான்றிதழ் வழங்கலாம். இங்கிலாந்தும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொது நிதியிலிருந்து செலவு பெற வழி வகுத்தது. 2012இல் அவ்வழியைக் குறுக்கினார்களேயன்றி அடியோடு அடைத்துவிடவில்லை.

விடுதலையானவர் அனைவரும் நிரபராதிகள் அல்லர், திறைசேரியும் வறண்டுள்ளது என்பார்கள். எல்லோருக்கும் எல்லாச் செலவும் தருக என்று நாம் கேட்கவில்லை. நியாயமான அளவுத்திட்டம் வகுக்கட்டும். யாருக்குத் தகும் என்பதை நீதவான் தீர்மானிக்கட்டும். ஆதாரமற்ற வழக்குக்கு அரசு விலை கொடுக்க நேர்ந்தால், வழக்குத் தொடுக்குமுன் ஒருகணம் சிந்திக்கும் வழக்கமும் பிறக்கும்.

நமது கோரிக்கைகள் மூன்று. விடுதலைத் தீர்ப்போடு செலவுச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் நீதவானுக்கு வேண்டும். மறியலில் கழிந்த நாட்களுக்கு நாட்சம்பளமேனும் ஈடாக வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் துணை, தோட்டத் தொழிலாளிக்குத் தமிழில், முதல் தவணையிலேயே கிட்ட வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை, வழக்கில் சிக்கியோர் கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு வாங்கிப் பேணுக. இழந்த பேர்களைக் குறித்து வைக்க. கைது முறையற்றதாயின் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுக. விசாரணை அங்கே நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. படித்தோர் இச்செய்தியை லயம் லயமாக எடுத்துச் செல்வார்களாக. மலையகப் பிரதிநிதிகளோ பாராளுமன்றத்தில் வாய் திறப்பார்களாக!