முன்பதிவு சர்வர் பராமரிப்பு: சேவை முடங்காமல் மென்பொருளைப் புதுப்பிப்பது எப்படி?

ரேணிகுண்டா: சென்னை - மும்பை ரயில் வழித்தடத்தில், திருப்பதிக்கு சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ரேணிகுண்டா சந்திப்பு. இங்கு வந்திறங்கும் பக்தர்கள் பலர், நாளும் நேரமும் குறிக்கப்பட்ட 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டை முன்கூட்டியே பெற்றிருப்பர். ரயிலில் இடம் கிடைக்காவிட்டால் தரிசன வாய்ப்பும் கைநழுவிவிடும். எனவே, முன்பதிவு சர்வர்கள் எப்போது, எப்படிப் பராமரிக்கப்படுகின்றன என்பது பயணிகளையும் நேரடியாகப் பாதிக்கும் விஷயமாகும்.

இருபுறமும் ஆபத்து

கடந்த 2024 டிசம்பர் 26 அன்று காலை, தட்கல் முன்பதிவு நேரத்தில் ஐஆர்சிடிசி தளம் முடங்கியது. பராமரிப்புப் பணி காரணமாகச் சேவை இல்லை என்ற அறிவிப்பே பயணிகளுக்குக் கிடைத்தது.

அதற்காக, மென்பொருள் திருத்தங்களைத் தள்ளிப்போடுவதும் தீர்வாகாது. 2017 மே மாதம் உலகைத் தாக்கிய 'வான்னாக்ரை' வைரஸ், சித்தூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஆந்திர காவல் துறையின் கணினிகளையும் பாதித்தது. அந்த வைரஸ் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

ஒன்றன்பின் ஒன்றாக

ஒரே தரவுத்தளத்தைப் பல சர்வர்கள் இணைந்து இயக்கும் முறை 'கிளஸ்டர்' எனப்படுகிறது. இதில் ஒரு சர்வரை மட்டும் விலக்கி, திருத்தம் செய்து, சோதித்து, மீண்டும் இணைத்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். மற்ற சர்வர்கள் பணியைத் தொடர்வதால் பயணிகளுக்கு இடையூறு இருக்காது.

ஆனால், எஞ்சிய சர்வர்கள் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். பெரும்பான்மை விதியில் இயங்கும் மூன்று சர்வர் அமைப்பில், ஒன்று பராமரிப்பில் இருக்கும்போது இன்னொன்று பழுதானால், மூன்றாவது சர்வர் நல்ல நிலையில் இருந்தாலும் சேவை நின்றுவிடும். பழைய, புதிய பதிப்புகள் சிறிது நேரம் சேர்ந்து இயங்க முடியுமா என்பதையும் முன்பே சோதிப்பது அவசியம்.

அமெரிக்கா தரும் பாடம்

கிளஸ்டர் இருப்பதாலேயே தரவு பாதுகாப்பாக இருக்கும் என்று கருதிவிட முடியாது. 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் உள்நாட்டு விமானங்களின் புறப்பாடு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. முதன்மைத் தரவுத்தளத்தையும் மாற்றுத் தரவுத்தளத்தையும் ஒத்திசைக்கும் பணியில் ஒப்பந்த ஊழியர்கள் தவறுதலாகக் கோப்புகளை அழித்ததே காரணம் என்று அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் தெரிவித்தது. ஒரு சர்வரில் நேரும் பிழை மற்றவற்றுக்கும் நகலாகக்கூடும் என்பதால், தனியான காப்பு நகலும், பழைய நிலைக்குத் திரும்பும் ஒத்திகையும் கட்டாயமாகின்றன.

ரயில்வேயின் சோதனைக் களம்

நிமிடத்துக்கு 32 ஆயிரம் டிக்கெட்டுகள் என்ற திறனை 1.5 லட்சத்துக்கும் மேலாக உயர்த்தும் புதிய முன்பதிவு அமைப்பை 2025 ஜூன் மாதம் ரயில்வே அறிவித்தது. இத்தகைய பெரிய மாற்றங்களில் சில பணிகளுக்கு முழு நிறுத்தம் தவிர்க்க முடியாதது. ஐஆர்சிடிசி தளத்தில் வழக்கமாக இரவு 11.45 முதல் 12.20 மணி வரை முன்பதிவு நடைபெறுவதில்லை. அந்த இடைவெளிக்குள் முடியாத பணிகளை முன்னறிவிப்புடன் மேற்கொண்டால், தட்கல் நேரத்தில் பயணிகள் ஏமாற்றமடைவதைத் தவிர்க்கலாம்.