பஞ்சாங்கத்தில் எழுதிய மின்சாரம்

பிரான்ஸ் தேசத்தின் வடமேற்கில், பிரித்தானி என்னும் பிரதேசத்தில், சேன் மாலோ என்றொரு பழைய துறைமுக நகரம் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்த ஊரோடு தூரத்துச் சம்பந்தம் ஒன்று உண்டு. 1746-இல் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த லபூர்தொனே பிறந்தது அங்கேதான். அந்த நகரத்துக்கும் எதிர்க்கரையிலுள்ள தினார் நகரத்துக்கும் நடுவே ரான்ஸ் என்ற நதி கடலில் கலக்கிறது. நதி சிறியதுதான், ஆனால், அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழையும் ஓதப் பிரவாகமானது, வழியை மறித்து வடக்கே நீண்டு கிடக்கும் கொத்தாந்தேன் தீபகற்பத்தில் மோதி, மேலே செல்ல இடமின்றி அங்கேயே குவிந்துவிடுவதால், அந்தக் கழிமுகத்தில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சராசரியாக 8 மீட்டரும், பெரிய ஓதங்களின்போது 13 மீட்டருக்கு மேலும் இருக்கிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் பிற்பகலில் சேறும் பாறையும் தெரியும்; இரவில் மறுபடியும் அங்கே கடல் நிற்கும். அக்கரை மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைக் கவனித்து, ஏறிய நீரைக் குட்டைகளில் மறித்து வைத்து, கடல் வற்றியதும் அதைத் திறந்துவிட்டு, ஓடும் நீரின் வேகத்தால் ஆலைக் கல்லைச் சுழற்றித் தானியம் அரைத்தார்கள்.

அதே உபாயத்தைத்தான் பிரெஞ்சு அரசாங்கத்தின் மின்சார நிறுவனம் இருபதாம் நூற்றாண்டில் பெரிய அளவில் கையாண்டது. 1961-இல் வேலை தொடங்கியது. 1966 நவம்பர் 26 அன்று ஜனாதிபதி ஷார்ல் தெகோல் ரான்ஸ் ஓத மின் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 750 மீட்டர் நீளமுள்ள அணை. அதன் வயிற்றுக்குள் ஒவ்வொன்றும் 10 மெகாவாட் சக்தியுள்ள 24 டர்பைன்கள். தலைக்கு மேலே இரண்டு நகரங்களையும் இணைக்கும் சாலை. கடல் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும், இரண்டு திசையிலும் சுழலும்படி அந்த யந்திரங்களை அமைத்தார்கள். அதைவிட நுட்பமான காரியம் ஒன்றும் அங்கே நடைபெறுகிறது. ஓதம் உச்சத்தை அடைந்து, கடலும் அணைக்குட்பட்ட நீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும் தறுவாயில், சிறிதளவு மின்சாரத்தைச் செலவிட்டு, அதே யந்திரங்களைக் கொண்டே இன்னும் கொஞ்சம் நீரை உள்ளே இறைத்துவிடுகிறார்கள். சில மணி நேரம் கழித்து, வெளியே கடல் நன்றாக வற்றியபின், அந்த நீர் பல மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகையில், இறைப்பதற்குச் செலவானதைக் காட்டிலும் அதிக சக்தியைத் திருப்பித் தருகிறது. இயற்கையோடு இப்படி நயமாக ஒத்துப் போகும் யந்திரத்தைக் காண்கையில் அதைச் சிருஷ்டித்த எஞ்சினீயர்களை மனம் வணங்குகிறது. உப்பு நீரில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று அந்நாளில் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அந்த நிலையம் அறுபது ஆண்டுக் காலத்தை நெருங்கி, வருஷத்துக்குச் சுமார் 50 கோடி யூனிட் மின்சாரத்தை இன்றும் தந்துகொண்டிருக்கிறது. கட்டிய செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது. எரிபொருளுக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை.

ஓத சக்தியின் விசேஷம் அதன் அளவில் இல்லை, நிச்சயத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சூரியனை மேகம் மறைக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் சீறி வரும் காற்று ஐப்பசியில் எங்கே போயிற்றென்று தேட வேண்டியிருக்கும். ஓதமோ சந்திரனின் ஆகர்ஷணத்துக்கும் அதற்கு அடுத்தபடியாகச் சூரியனின் ஆகர்ஷணத்துக்கும் கட்டுப்பட்டது. 12 மணி 25 நிமிஷத்துக்கு ஒரு முறை ஏறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை அடுத்த நாட்களில் பெருகுகிறது. அஷ்டமியை அடுத்த நாட்களில் தளர்கிறது. இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து வரப்போகும் ஒரு வைகாசிப் பௌர்ணமியன்று, ரான்ஸ் முகத்துவாரத்தில் எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் ஏறும் என்பதை, புயல் வந்து சிறிது கூட்டிக் குறைப்பது நீங்கலாக, இன்றே கணித்து எழுதி வைத்துவிடலாம். நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்திலுள்ள திதியே அந்த மின்சாரத்துக்கும் கால அட்டவணை.

இதைச் சொல்லும்போது அதன் குறையையும் மறைக்கலாகாது. ஓதத்தின் நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகிறது. ஊரார் விளக்கேற்றும் வேளையில் கடல் அசைவற்று நிற்கக்கூடும். அந்த 24 டர்பைன்களும் இரவு பகலாக முழு வேகத்தில் ஓடினால் கிடைக்கக்கூடிய மின்சாரத்தில் கால் பங்கைத்தான் ரான்ஸ் நிலையம் தருகிறது. ஆகவே நிலக்கரியின் ஸ்தானத்தை ஓதம் ஒன்றே நிரப்பிவிடும் என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள். காற்றும் வெயிலும் கைவிடும் வேளை எது என்று முன்கூட்டித் தெரியாதபோது, வரவு எப்போதென்று தெரிந்த துணை ஒன்று பக்கத்தில் இருப்பது எத்தனை பிரயோஜனமானது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

இனி, ரான்ஸ் கற்பித்த வேதனையான பாடம். அணையைக் கட்டுவதற்காக அந்தக் கழிமுகத்தை மூன்று ஆண்டுகள் கடலிலிருந்து அடியோடு துண்டித்து வைத்தார்கள். நாளுக்கு இரண்டு தடவை வந்து போய்க்கொண்டிருந்த உப்பு நீர் நின்றது; அதனோடு வாழ்ந்த ஜீவராசிகளில் பெரும்பாலானவை மடிந்தன. அணை திறந்தபின், மீனும் நண்டும் புழுவும் பாசியும் மெல்ல மெல்லத் திரும்பி வந்து புதியதொரு சமநிலை ஏற்படுவதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன. கணவாய் மீன் முதலியவை வந்தன. முன்பு மலிந்திருந்த வேறு சில இனங்கள் முன்போல் வரவில்லை. கழிமுகத்தின் மேல்பகுதியில் படியும் வண்டல் இன்றும் தீராத தொல்லையாக இருக்கிறது. நிலக்கரி மட்டும் கழிமுகங்களைச் சும்மா விட்டதா என்றால், எண்ணூரில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்து கிடக்கும் அனல் மின் நிலையச் சாம்பலைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். ஆயினும் ஒரு தீங்கைக் காட்டி இன்னொரு தீங்கை நியாயப்படுத்துவது முறையாகாது. கடலை வெளியே நிறுத்தினால் கழிமுகம் சாகும், உள்ளே விட்டால் பிழைக்கும் என்பதே ரான்ஸ் நதி அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் சொன்ன செய்தி.

இதே செய்தியைத் தென் கொரியா வேறொரு விதமாக, மிகுந்த நஷ்டத்துக்குப் பின் தெரிந்துகொண்டது. அத்தேசத்தின் மேற்குக் கரையில் சிஹ்வா என்ற இடத்தில், 12 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுவரைக் கடலுக்குக் குறுக்கே எழுப்பி, 1994-இல் அதை முடித்தார்கள். உள்ளே அகப்பட்ட கடலை நன்னீர் ஏரியாக மாற்றி, மீட்ட நிலத்தில் பயிர் செய்வது நோக்கம். ஆனால் சுற்றுப்புறத் தொழிற்சாலைகளின் கழிவும் ஊர்களின் சாக்கடையும் வந்து சேர்ந்த அந்த நீர், ஓட்டமின்றித் தேங்கி, சில ஆண்டுகளுக்குள்ளேயே நாற்றமெடுத்தது. மீன்கள் செத்து மிதந்தன. வேறு வழியின்றி மதகுகளைத் திறந்து கடலை உள்ளே விட்டார்கள். நன்னீர் ஏரி என்ற எண்ணத்தையே பின்னர் கைவிட்டார்கள். கடல் வந்து போகத்தான் போகிறது என்றான பிறகு, அந்த வரவை வீணாக்குவானேன் என்ற யோசனை பிறந்து, அச்சுவரிலேயே 10 டர்பைன்களைப் பொருத்தி, 2011-இல் 254 மெகாவாட் நிலையத்தை இயக்கினார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகள் உலகில் பெரியதாக இருந்த ரான்ஸ் நிலையம் அன்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. மின்சாரமும் கிடைத்தது, நீரும் சுத்தமாகத் தொடங்கியது.

இத்தனை அனுகூலங்கள் உள்ள ஒன்று உலகெங்கும் பரவாததற்குக் காரணம் என்ன? செலவு என்பார்கள். அது உண்மை, எனினும் செலவைக் கணக்கிடும் முறையில்தான் எனக்கு ஆட்சேபம். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியிலுள்ள ஸ்வான்ஸீ விரிகுடாவில் 320 மெகாவாட் ஓத மின் நிலையம் ஒன்றைக் கட்டும் திட்டத்தை ஆராய்ந்த சார்ல்ஸ் ஹென்ட்ரி, 2017-இல் அதற்குச் சாதகமாகவே அறிக்கை தந்தார். அதன் ஆயுள் 120 ஆண்டுகள் என்று திட்டமிட்டிருந்தார்கள். மறு ஆண்டே அரசாங்கம், கொடுக்கும் பணத்துக்குத் தக்க பலனில்லை என்று அதை நிராகரித்துவிட்டது. இன்றைய பொருளாதாரக் கணக்கில், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் ரூபாயின் மதிப்பு வட்டியில் தேய்ந்து ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகிறது. எனவே இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் பொருளுக்கும் நூறாண்டு உழைக்கும் பொருளுக்கும் பெரிய வித்தியாசமே தெரியாமல் போய்விடுகிறது. 1934-இல் முடிந்த மேட்டூர் அணையை இந்தத் தராசில் நிறுத்தியிருந்தால், தஞ்சை விவசாயியின் பேரன் அனுபவித்த விளைச்சல் எந்தத் தட்டில் ஏறியிருக்கும்? பேரப்பிள்ளைகளின் வரவைப் பூஜ்யமாக்கும் கணக்கை, தனியார் வியாபாரி போடலாம், அரசாங்கம் போடக்கூடாது.

நம் தேசத்தின் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கரைக்கு இந்தப் பாக்கியம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் கடலில் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவைத் தாண்டுவதில்லை, அதைக் கொண்டு அணை கட்டுவது வீண். ஆனால், சென்னையிலுள்ள ஐ.ஐ.டி.யும் கிரிசில் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2014-இல் கொடுத்த மதிப்பீட்டின்படி, இந்தியக் கரைகளில் 12,455 மெகாவாட் ஓத சக்திக்கு இடமிருக்கிறது. அதில் 7,000 மெகாவாட் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் மட்டுமே. வாய் அகன்று உள்ளே போகப் போகக் குறுகும் அந்தப் புனல் வடிவ வளைகுடாவில் ஓதம் 11 மீட்டர் வரை உயர்கிறது. அதன் வலிமையை அறிய எந்த அறிக்கையும் வேண்டாம். அலங் கரைக்குப் போனால் போதும். ஆயுள் முடிந்த கப்பல்களை, எண்ணெய் ஏற்றிச் சமுத்திரங்களைச் சுற்றி வந்த ராட்சதக் கப்பல்கள் உட்பட, பெரிய ஓதத்தன்று முழு வேகத்தில் கரையை நோக்கிச் செலுத்துகிறார்கள். கடல் அவற்றைச் சேற்றில் உட்கார்த்தி வைத்துவிட்டு வடிந்துபோகிறது. பிறகு தொழிலாளர்கள் நடந்தே போய் அவற்றைத் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை அத்தனை பெரிய கப்பல்களை நிலத்தின் மேல் ஏற்றி வைக்கும் நீர், இன்றுவரை நமக்காக ஒரு விளக்கையேனும் ஏற்றவில்லை.

முயற்சி செய்ததை நாம் தவறான இடத்தில் செய்தோம். வங்காளத்தின் சுந்தரவனத்தில் துர்காதுவானி என்ற ஓடையில் 3.75 மெகாவாட் நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது. செலவு 238 கோடி ரூபாய்க்கு ஏறியதும் கைவிடப்பட்டது. ஓத சக்திக்கு ஓதத்தின் உயரமே மூலதனம். உயரம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். உயரம் குறைந்த ஓடையில், அதுவும் இத்தனை சிறிய அளவில் போட்ட கணக்கைப் பார்த்து, ஓத மின்சாரமே நமக்குக் கட்டுப்படியாகாது என்று முடிவு கட்டியது, மானாவாரி நிலத்தின் விளைச்சலைக் கண்டு காவிரிப் பாசனத்தை மதிப்பிட்டது போலாயிற்று.

இப்போது அதைவிடப் பெரிய தவறு ஒன்று நேரக்கூடிய நிலையில் இருக்கிறோம். காம்பே வளைகுடாவுக்குக் குறுக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்தில் அணை கட்டும் கல்பசர் திட்டம் பல ஆண்டுகளாக ஆலோசனையில் உள்ளது. வேண்டியதையெல்லாம் தரும் ஏரி என்று அதன் பெயருக்கு அர்த்தம். ஆரம்பத்தில் அதன் மூல எண்ணங்களில் ஒன்றாக இருந்த ஓத மின்சாரம் நாளடைவில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, நதிகளின் நீரைத் தேக்கும் நன்னீர் ஏரியே முதன்மை நோக்கமாகிவிட்டது. சௌராஷ்டிரத்தின் தாகம் பொய்யல்ல. மழை தவறிய ஆண்டுகளில் அந்த ஜனங்கள் படும் பாட்டை அறிந்தவர் எவரும் அந்த நோக்கத்தை லேசாகப் பேச மாட்டார்கள். ஆனால் சிஹ்வாவில் கொரியர்கள் எழுப்பியதும் நன்னீருக்கான சுவர்தானே? அங்கே வந்து கலந்தது போன்ற தொழிற்சாலைக் கழிவு, சாபர்மதியில் இன்று ஓடாமலா இருக்கிறது? கடலிலிருந்து முட்டையிட நதிக்குள் ஏறும் உல்ல மீனுக்கும், அதை நம்பிப் பிழைக்கும் மீனவக் குடும்பங்களுக்கும் அந்தச் சுவரில் எந்த வாசல் வைக்கப்போகிறோம்?

வளைகுடா முழுவதையும் அடைக்க வேண்டிய அவசியமில்லை. நன்னீருக்கு ஒரு பகுதியும் ஓதத்துக்கு ஒரு பகுதியுமாகப் பிரித்து, பின்னதில் ரான்ஸ் அளவுள்ள நிலையம் ஒன்றை முதலில் கட்டி, வண்டல் எப்படிப் படிகிறது, மீன் எப்படிப் போய் வருகிறது என்று சில ஆண்டுகள் கவனித்து, பிறகு விரிவு செய்யலாம். வேலையின்போதுகூட ஒரு நாளும் கடலை முழுமையாகத் துண்டிக்கலாகாது. முதற் கல் வைப்பதற்கு முன்பே, டர்பைன்களுக்கும் மதகுகளுக்கும் உரிய வாசல்கள் அந்தச் சுவரின் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். சிஹ்வாவில் சுவர் முடிந்த நாளுக்கும் அதே சுவரில் யந்திரம் சுழலத் தொடங்கிய நாளுக்கும் நடுவே 17 ஆண்டுகள் சென்றன.