கைக்கு வராத பணத்தைத் திருப்பிக் கேட்ட சர்க்கார்!

கனடா நாட்டு மத்திய சர்க்காரில் சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் சிப்பந்திகள் வேலை பார்த்து வந்தார்கள். அவர்களுடைய சம்பளக் கணக்கைப் போடுவதற்கு, 2016-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு புதிய கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. அதன் பெயர் "பீனிக்ஸ்".

சாம்பலில் இருந்து எழுந்து பறக்கும் பறவையின் பெயர் அது. இங்கேயோ, சிப்பந்திகளின் சம்பளம் சாம்பல் ஆயிற்று!

ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சம் ஆகும் என்பது சர்க்கார் போட்ட கணக்கு. அதற்காகப் பல இலாகாக்களில் இருந்த சம்பள குமாஸ்தாக்களை நீக்கினார்கள். மிராமிச்சி என்ற சிறிய ஊரில் ஒரே ஆபீசில் வேலையைக் குவித்தார்கள். அனுபவசாலிகள் போய்விட்டார்கள். தவறுகள் வந்து சேர்ந்தன.

சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைந்து வந்தது. வேறு சிலருக்கு அதிகமாக வந்தது. 2017-ம் ஆண்டு ஜூன் மாத நிலவரத்தைத் தலைமைத் தணிக்கை அதிகாரி வெளியிட்டார். சிப்பந்திகளுக்குச் சேர வேண்டிய பாக்கி 22 கோடியே 80 லட்சம் டாலர். அவர்களுக்கு அதிகமாகக் கொடுக்கப்பட்டது 29 கோடியே 50 லட்சம் டாலர்.

அதிகம் வந்தால் நல்லதுதானே என்று நினைக்கலாம். அங்கேதான் வரி குறுக்கிட்டது.

5 ஆயிரமா, 3,500-ஆ?

ஒருவருக்கு 5 ஆயிரம் டாலர் தவறுதலாக அதிகம் எழுதப்பட்டது என்று வைத்துக் கொள்வோம். வருமான வரி, பென்ஷன் சந்தா, வேலையில்லாக் கால இன்ஷ்யூரன்ஸ் எல்லாமாக 1,500 டாலர் பிடித்தம் ஆகிறது. கைக்கு வருவது 3,500 தான்.

அந்த ஆண்டுக்குள்ளேயே தவறு தெரிந்தால் தொல்லை இல்லை. பிடித்தத்தை ஆபீசே சரிக்கட்டி விடும். டிசம்பர் 31 தாண்டி விட்டால்? 1,500 டாலர் வரி இலாகாவிடம் போய்ச் சேர்ந்திருக்கும். 5 ஆயிரமும் அவருடைய வருமானம் என்று ஆண்டுச் சீட்டும் எழுதப்பட்டிருக்கும்.

அப்போதிருந்த சட்டப்படி, அவர் 5 ஆயிரத்தையும் கட்ட வேண்டும். தாம் கண்ணால் பாராத 1,500 டாலரைக் கையில் இருந்து போட்டுக் கட்டிவிட்டு, வரி இலாகா திருப்பிக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு ஆபீசிலிருந்து திருத்திய சீட்டு வர வேண்டும். அந்தச் சீட்டைத் தயாரிக்க வேண்டியதும் அதே பீனிக்ஸ்தான்!

வரி விகிதத்தை யந்திரம் தப்பாகப் போட்டது என்பதல்ல விஷயம். தப்பான சம்பளத்துக்குச் சரியாக வரி பிடித்தது. எப்போதோ ஒருவருக்குத் தவறு நேரும் என்று எண்ணி வகுத்த பழைய விதி, ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தாக்கியது.

சட்டம் மாறியது

யந்திரத்தைத் திருத்துவதற்கு முன் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. 2019-ம் ஆண்டில் வருமான வரிச் சட்டம் மாற்றப்பட்டது. 2015-க்குப் பிறகு கணக்குக் கோளாறினால் அதிகமாக வந்த பணத்துக்கு, சிப்பந்தி கையில் வாங்கிய 3,500-ஐ மட்டும் கொடுத்தால் போதும். மற்ற 1,500-ஐ ஆபீசும் வரி இலாகாவும் தங்களுக்குள் தீர்த்துக் கொள்ள வேண்டியது.

இதை முதலிலேயே செய்திருக்கலாம். பீனிக்ஸை விட்டுவிட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போகப் போவதாக, 2018 பட்ஜெட்டிலேயே சர்க்கார் சொல்லி விட்டது.

புதிய சலுகைக்கும் ஒரு கெடு உண்டு. பணம் கொடுக்கப்பட்ட ஆண்டு முடிந்து 3 ஆண்டுகளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது திருப்பித் தர ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும். கெடு தப்பினால் பழையபடி முழுத்தொகைதான். பீனிக்ஸ் செய்த தவறுகளில் பலவற்றைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக் கணக்கில் ஆயிற்று.