காரணத்தை எழுதுங்கள்

வேலைக்கான நேர்முகத் தேர்வில் வந்து உட்காரும் பிள்ளையிடம் நம் ஊர் நிறுவனங்களில் பல நேரம் முதலில் கேட்கப்படுவது, ‘சொந்த ஊர் எது?’ அடுத்தது, ‘அப்பா என்ன செய்கிறார்?’ பதற்றத்தைத் தணிக்கத்தான் கேட்கிறோம் என்பார்கள் மேலாளர்கள். மனமறிந்து அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடும் வழக்கம் பெரும்பாலும் மறைந்துவிட்ட தமிழ்நாட்டில், ஊரையும் தெருவையும் தகப்பனார் தொழிலையும் கேட்டு ஒருவர் யார் என்று கணித்துவிடும் வழக்கம் மறையவில்லை. கணிப்பு நொடியில் முடிந்துவிடுகிறது. பிறகு அந்தப் பிள்ளை சொல்லும் பதில்கள் எல்லாம் அந்தக் கணிப்பின் வழியாகவே காதில் விழுகின்றன.

இது வெறும் ஊகமல்ல. ஆய்வாளர்கள் சுக்தேவ் தோரட், பால் அட்டெவெல் இருவரும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். தனியார் நிறுவனங்களின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. ஒப்பிடப்பட்டவற்றில் படிப்பும் தகுதியும் சமம். மாறியது பெயர் மட்டுமே. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லியில் 25 பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்று சொன்ன மேலாளர்கள், குடும்பப் பின்னணியைத் தெரிந்துகொள்வது அவசியம் என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்த கை யாருடையதோ, அவரும் தன்னை நியாயவான் என்றே நம்பியிருப்பார்.

மேலே போகப் போக இந்தச் சாய்வு கெட்டிப்படுகிறது. இந்தியாவின் முதல் 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஒரு கட்டுரை, இயக்குநர்களில் ஏறக்குறைய 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர் என்று கண்டது. திறமையை அடையாளம் காண்பதாகச் சொல்லிக்கொண்டு, தலைவர்கள் தங்களைப் போலப் பேசுகிறவர்களையும் தங்களைப் போல வளர்ந்தவர்களையும் அடையாளம் கண்டுவந்திருக்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு இந்திய ராணுவத்தின் வழக்கைவிடத் தெளிவான சான்று இல்லை. குறுகியகாலப் பணியில் இருந்த பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவது பற்றிப் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ராணுவம் தேர்வுக் குழு அமைத்து, அவர்களின் பழைய ரகசியக் குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தது. அந்தக் குறிப்பேடுகள் எழுதப்பட்ட ஆண்டுகளில், இந்தப் பெண்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்க வழியே இல்லை. எப்படியும் போகப் போகிறவர்தானே என்று மேலதிகாரிகள் அக்கறையின்றி எழுதியிருந்தார்கள். அந்த அக்கறையின்மையே பின்னாளில் தகுதிக் குறைவாகக் கணக்கில் வந்தது. 2021 மார்ச்சில், அந்தப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. கெடுக்கும் எண்ணம் இருந்ததா என்று தேட வேண்டியதில்லை. விளைவைப் பார்த்தால் போதும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் அலுவலகங்களிலும் இதே வரிசையில்தான் நடக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது, அவருக்கு ஏன் சிரமம் என்று ஒரு பெண்ணை வெளிநாட்டுப் பணிக்கான பட்டியலில் சேர்க்காமல் விடுகிறார் மேலாளர். அந்தப் பெண்ணிடம் கேட்பதுகூட இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பதவி உயர்வு பேசப்படும்போது, ‘பெரிய பொறுப்பு எதையும் கையாண்டதில்லை’ என்ற குறிப்பு அவருக்கு எதிராக நிற்கிறது. பரிவில் தொடங்கியது தண்டனையில் முடிகிறது. பரிவு காட்டியவருக்கு, தான் ஒருவரின் வழியை அடைத்துவிட்டோம் என்று கடைசிவரை தெரியாது.

இதற்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் மருந்து, மனச்சாய்வைப் பற்றிய பயிற்சி வகுப்பு. 2018 மே 29 அன்று அமெரிக்காவில் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளைப் பிற்பகலில் மூடிவிட்டு ஊழியர்களுக்கு இப்படியொரு பயிற்சி கொடுத்தது. அத்தகைய வகுப்புகளால் மட்டும் மேல்பதவிகளில் பெண்களோ சிறுபான்மையினரோ கூடிவிடவில்லை என்பதை ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் இருவரின் நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அறிவு மட்டும் இங்கே போதாது. மனச்சாய்வை அளக்கும் புகழ்பெற்ற சோதனையை உருவாக்கியவர்களில் ஒருவர் மஹ்ஜரின் பானாஜி, செகந்திராபாத்தில் பிறந்தவர். அந்தச் சோதனையில் தன்னிடமும் சாய்வு தெரிந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க அதை ஆராய்ந்தவருக்கே அப்படியென்றால், அரை நாள் வகுப்பில் உட்கார்ந்து எழுந்த ஒரு கிளை மேலாளர் மாறிவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

மனத்தைத் திருத்தக் காத்திராமல் முறையைத் திருத்த வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அதற்கு வழி நம் நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே இருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை வழக்கில், ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு மூன்று நிமிடமே நேர்முகத் தேர்வு நடந்தது, பெற்றோரையும் ஊரையும் பற்றித்தான் கேட்டார்கள் என்பது புகார். நேர்முகத் தேர்வுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வைத்ததை 1980-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றது, நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. அரசு ஊழியரின் ஆண்டுக் குறிப்பேட்டில் என்ன எழுதினாலும் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் தேவ் தத் வழக்கில் தீர்ப்பு வந்தது. தனியார் நிறுவன ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பு எட்டவில்லை.

அவருக்கும் எட்ட வேண்டும். முதல்கட்ட வடிகட்டலில் பெயர், ஊர், கல்லூரி மூன்றையும் மறைத்துவிட்டு விண்ணப்பங்களைப் பார்க்கலாம். முன்கூட்டியே எழுதிவைத்த ஒரே கேள்விகள் எல்லாரிடமும் கேட்கப்படட்டும். தேர்வாளர்கள் கலந்து பேசுவதற்கு முன்பே அவரவர் தரும் மதிப்பெண்ணைக் குறித்துவிடட்டும். ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும் தள்ளினாலும் காரணத்தை மேலாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதியதைச் சம்பந்தப்பட்டவர் கேட்டால் காட்ட வேண்டும்.

பல ஆண்டு அனுபவத்தில் ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும், அதை எழுத்தில் அடைக்க முடியாது என்று மூத்த மேலாளர்கள் ஆட்சேபிப்பார்கள். அனுபவத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிக்கும் முடிவுக்கு நான்கு வரியில் காரணம் சொல்ல முடியவில்லை என்றால், அந்த முடிவை அனுபவம் எடுத்ததா, பழக்கம் எடுத்ததா என்று கேட்கும் உரிமை வாய்ப்பை இழந்தவருக்கு உண்டு. தெரியாமல் செய்துவிட்டேன் என்பது முதல் முறை ஏற்கத்தக்க விளக்கம். இத்தனை ஆய்வுகளுக்கும் தீர்ப்புகளுக்கும் பிறகு, தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் அதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள், ஊழியர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று 2022-23 முதல் கட்டாயமாக வெளியிடுகின்றன. யார் விண்ணப்பித்தார்கள், யார் அழைக்கப்பட்டார்கள், யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்ற கணக்கும் அதில் சேரட்டும். சாதி வாரியாகவும் சேரட்டும். பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி அதைச் செய்யும்வரை தமிழக அரசு காத்திருக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் நிலத்தையும் மானியத்தையும் பெற்றுத் தொழில் தொடங்க வரும் நிறுவனங்களோடு செய்யும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில், எழுத்துப்பூர்வமான தேர்வு முறையையும் ஆண்டுதோறும் இந்தக் கணக்கையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.